நாற்பத்தேழாம் மனை

எங்கள் நகர கவுன்சிலில் கட்டட அனுமதிக் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் கொட்டகை போடலாமா, சமையலறையைப் பின்பக்கம் நீட்டலாமா, பக்கத்து வீட்டு மரம் நம் பக்கம் சாய்ந்தால் வெட்டலாமா என்று கேட்டு வருகிறவர்கள்தான் எனக்குப் பழக்கம். இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகு வேறு ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. எல்லார் கையிலும் ஒரே மாதிரிப் பளபளப்பான புத்தகம். உள்ளே ஒரு வயல்வெளியின் படம். படத்தின் மேல் வெள்ளைக் கோடு கிழித்துப் பிரித்த மனைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

அந்த வயல் எனக்குத் தெரிந்ததுதான். ரயில் பாதைக்குத் தெற்கே பதினோரு ஏக்கர், ஹோஸ்கின் என்பவர் ஆடு மேய்த்த நிலம். ஒரு கம்பெனி அதை அவரிடமிருந்து விளைநில விலைக்கு வாங்கி எண்பத்தாறு துண்டு போட்டது. ஒரு ஏக்கருக்குத் தான் கொடுத்ததைவிட அதிக விலைக்கு ஒவ்வொரு துண்டையும் விற்றது. லண்டனுக்கு ரயிலில் நாற்பது நிமிடம், ஊர் வளர்ந்துகொண்டே வருகிறது, ஐந்து வருடத்தில் வீடு கட்ட அனுமதி வந்துவிடும், அன்றைக்கு உங்கள் பணம் ஐந்து மடங்கு. இதுதான் பேச்சு. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வாங்கினார்கள். ஊர் பரவிப் போகாமல் இருக்க வீடே கட்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்த பசுமை வளையத்துக்குள் அந்த வயல் இருக்கிறது என்பது மட்டும் புத்தகத்தில் எங்கும் இல்லை.

எல்லாரும் வாங்கிய பிறகுதான் கவுன்ட்டருக்கு வந்தார்கள். வாங்குவதற்கு முன்னால் வந்தது ஒரே ஒருத்தி. எனிட் டிரான்டர்.

2004 நவம்பர், மழை நாள். அறுபது வயது இருக்கும். மேல்கோட்டுக்கு அடியில் பள்ளிக்கூடச் சமையலறையின் நீல அங்கி தெரிந்தது. வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். புத்தகத்தைப் பிரித்து நாற்பத்தேழாம் எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"ஏம்மா, ஒளிவு மறைவு இல்லாம சொல்லு. இதுல வீடு வருமா?"

"வராதுங்க."

"நூத்துல எத்தனை பங்கு வாய்ப்புன்னு சொல்லுவ?"

"ஒண்ணுகூடச் சொல்ல மாட்டேன். பசுமை வளையம். சுத்தி வேலி போடக்கூட அனுமதி கிடைக்காது. அப்படியே ஒரு நாள் சட்டம் மாறினாலும் ரோடு வேணும், சாக்கடை வேணும், எண்பத்தாறு பேரும் ஒத்துக்கணும். பாதிப் பேர் எந்த நாட்டுல இருக்காங்கன்னே தெரியாது."

"திரும்ப வித்துடலாமா?"

"யாரு வாங்குவா? ஆட்டுக்காரர்கூட முழு வயலாக் கொடுத்தாத்தான் கேப்பார்."

"அப்ப போட்டது போட்டதுதான்."

"அந்தப் பணத்தை ரயில் ஜன்னல் வழியா வீசினதா நெனைச்சுக்கோங்க."

அவள் சிரித்தாள். "நல்லா பேசுற. என் வீட்டுக்காரர் கேக்கணும் இதை." புத்தகத்தை மூடியவள், போகாமல் நின்று இன்னொன்று கேட்டாள். "கண்டிப்பா கிடைக்காதுன்னு முடிவாத் தெரிய எத்தனை வருஷம் ஆகும்?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஊர்த் திட்டத்தை அவ்வப்போது திருத்துவார்கள், ஒவ்வொரு தடவையும் 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று ஒரு நம்பிக்கை மிஞ்சும், முடிவாக இல்லை என்று யாரும் சொல்லாமலே பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும் என்றேன்.

"பதினஞ்சு," என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அன்று மாலை வீட்டில் என் கணவரிடம், "இன்னைக்கு ஒருத்தியக் காப்பாத்திட்டேன்" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2008இல் நீதிமன்றம் அந்தக் கம்பெனியை மூடியது. நடத்தியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் என் கவுன்ட்டரில் அழாதவர்கள் குறைவு. அவர்களில் எனிட் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

2012 மார்ச்சில் ஒரு பெரியவர் வந்தார். நெட்டையான ஆள், தட்டைத் தொப்பி, கக்கத்தில் ஒரு கோப்பு.

"2004ல இந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்தது?"

"நான்தாங்க."

"சரிதான். கவுன்சில்ல ஆளும் மாறாது, நாற்காலியும் மாறாது." தொப்பியைக் கழற்றிக் கவுன்ட்டர் மேல் வைத்தார். கோப்பிலிருந்து பத்திரத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். நாற்பத்தேழாம் மனை. நோரிஸ் டிரான்டர், எனிட் டிரான்டர் என்று இரண்டு பெயர்கள். பதிவான தேதி 2004 டிசம்பர்.

நான் தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அவள் என்னிடம் வந்துபோய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"என் மனைவி இங்க வந்து கேட்டா," என்றார். "நான் எதையும் யோசிக்காம குதிக்கிற ஆளு. அவ அப்படி இல்லை. கோழி முட்டைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்து வாங்குறவ. 'இரு, நான் கவுன்சில்ல கேட்டுட்டு வரேன்'னா. வந்து சொன்னா, 'கேட்டுட்டேன் நோரிஸ், வாய்ப்பு இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, கொஞ்சம் நாளாகும், ஆனா வரும், கையெழுத்துப் போடலாம்'னு. அவ அம்மா வீட்டை வித்த பங்கு அது, அவ பணம். அவ சொன்னதாலதான் போட்டேன். உங்க கவுன்ட்டர்ல சொன்னதாலதான் அவ சொன்னா."

பத்திரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அவங்க எப்படி இருக்காங்க?"

"போன அக்டோபர்ல போயிட்டா." கோப்பை மூடினார். "அந்த வருஷம் அவ ஓய்வு எடுத்திருக்கணும். இந்த மனை வாங்கினதால இன்னும் ஏழு வருஷம் பள்ளிக்கூடத்துல அண்டா தூக்கினா. ரெண்டு முழங்காலும் போச்சு. லீட்ஸ்ல பொண்ணு வீட்டுப் பக்கம் போயிடலாம்னு ஆசைப்பட்டா, அதுவும் நடக்கல. ஒரு நாள்கூட என்னைக் குத்திக்காட்டல. நானே புலம்பினா, 'கவுன்சில்காரங்க சொன்னதைத்தானே நம்பினோம், உன் மேல என்ன தப்பு'ம்பா. அதான் வந்தேன். அதைச் சொன்ன ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும்."

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். உங்கள் மனைவி பொய் சொன்னார். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? எனக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஒருவர் இருமினார்.

"நான்தாங்க," என்றேன். "நான்தான் அப்படிச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஆளு மாதிரித் தெரியிறீங்க," என்றார். "அதான் அவ நம்பியிருக்கா." தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரமே புகார் வந்தது. கையால் எழுதிய இரண்டு பக்கம். என் மேலதிகாரி ரோவீனா என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"ஜில்லியன், பசுமை வளையத்துல வாய்ப்பு இருக்குன்னு நீ சொன்னியா? நீயா? புறாக்கூண்டு வைக்கவே மூணு படிவம் கேக்குறவ நீ."

"சொல்லியிருப்பேன் போல. எட்டு வருஷம் ஆச்சே."

"போலவா?"

அவள் கெட்டிக்காரி. கவுன்ட்டரில் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அந்நாளில் நகல்தாள் வைத்துக் குறிப்பு எழுதுவோம். அடித்தளத்துக்கு ஆள் அனுப்பி 2004 நவம்பர்க் கட்டை எடுத்துவிட்டாள். என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. பசுமை வளையம். அனுமதிக்கு வாய்ப்பில்லை. மறுவிற்பனைக்கு வாய்ப்பில்லை. வாங்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது.

"இதை அவருக்கு அனுப்பாதே," என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

ரோவீனா கேட்டுக்கொண்டிருந்தாள். "புகார் வந்தா பதில் போட்டாகணும், ஜில்லியன். பதில்ல பொய் எழுத என்னால முடியாது." குறிப்பின் நகல் நோரிஸுக்குப் போய்விட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பத்து நாள் கழித்து, மதியம், கார் நிறுத்துமிடத்தின் பக்கத்து பெஞ்சில் நான் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது நோரிஸ் வந்தார். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை முழங்கால் மேல் விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க." குரலில் கசப்பு இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. "இந்தக் கடைசி வரி. இதை அவ எதுக்குக் கேட்டா?"

எட்டிப் பார்த்தேன். நான் எழுதி மறந்துபோனது. 'மறுப்பு உறுதியாகத் தெரிய எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டார். பத்து முதல் பதினைந்து என்று சொல்லப்பட்டது.'

என் பதிலுக்குக் காத்திராமல் நேரே பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"வேன் ஃபேக்டரிய மூடினப்ப எனக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தொன்பது வருஷம் வேலை பாத்த இடம். ரெண்டு வருஷம் நான் மனுஷனாவே இல்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. தோட்டத்துக் கொட்டகைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன். அவ சமையலை அப்படியே போட்டுட்டு வந்து வெளியில நிப்பா. மழையா இருந்தாலும் நிப்பா. எதுக்கு நிக்கிறான்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பேசிக்கிட்டதே இல்லை."

ஒரு கார் பின்னால் வந்து திரும்பிப் போகும்வரை நிறுத்தினார்.

"அப்பதான் மனை விக்கிற கம்பெனியோட கோட்டுப் போட்ட பையன் புத்தகத்தோட வந்தான். அன்னைக்கு ராத்திரி மேசையில உக்காந்து வீட்டுப் படம் வரைஞ்சேன். மறுநாள் காலையில தண்ணி காய வச்சுச் சவரம் பண்ணேன். அவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. 'என்னடி பாக்குற'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, முகம் இருக்கான்னு பாத்தேன்'னா."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்புறந்தான் இங்க வந்திருக்கா. நீங்க இவ்வளவும் சொல்லியிருக்கீங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பாத்து, வாய்ப்பு இருக்குன்னு சொல்லியிருக்கா."

"மிஸ்டர் டிரான்டர், அவங்க..."

"தெரியுதும்மா. அந்தப் பணத்துல அவ என்ன வாங்கினான்னு தெரியுது. ஆனா அந்த விலை?" தாளை மடித்தார். மடிப்பு நேராக விழவில்லை. "ஏழு வருஷம் அண்டா தூக்கினா. நான் நாலே வருஷத்துல தேறிட்டேன். மனைக் கம்பெனிய மூடினப்பக்கூட நான் பழையபடி கொட்டகைக்குள்ள போய் உக்காரல. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? 'எனக்குத் தெரியும் நோரிஸ், தெரிஞ்சேதான் பண்ணேன்'னு. நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அதுக்குக்கூட எனக்கு இடம் கொடுக்கல."

என்னிடம் இருந்த காகிதக் கைத்துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. படத்துல பாத்திரம் கழுவுற தொட்டிய நான் சுவத்தோரமா வச்சிருந்தேன். அவ ஜன்னலுக்குக் கீழ வேணும்னா. குழாய்க்குச் செலவாகும்னேன். ஒரு வாரம் சண்டை. ஒரு வாரம்! 'இருபது வருஷமா சுவத்தைப் பாத்துத்தான் பாத்திரம் தேய்க்கிறேன், இந்த வீட்லயாவது வெளிய பாக்கணும்'னு என்கூடப் பேசாம இருந்தா. கடைசில நான்தான் அழிச்சுட்டு ஜன்னல் பக்கம் வரைஞ்சேன்." என் பக்கம் திரும்பினார். "வராத வீட்டுக்கு எதுக்கும்மா அவ அப்படிச் சண்டை போட்டா? நடிச்சாளா? இல்லை, அவளுக்கும் கொஞ்சம் ஆசை இருந்துச்சா?"

நான் அவளைப் பார்த்தது கால்மணி நேரம்.

"தெரியலங்க," என்றேன். "உண்மையாவே தெரியல."

"இப்பவாவது உண்மைய சொன்னீங்களே." எழுந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். என் இடைவேளை முடிந்து ரொம்ப நேரம் ஆகியும் நான் எழுந்திருக்கவில்லை.

புகாரை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று கவுன்ட்டரில் நோரிஸிடம் பொய் சொன்னதற்காக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கோடையில் நோரிஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு லீட்ஸில் மகளிடம் போனார். போவதற்கு முன் பத்திரத்தில் முகவரி மாற்றுவது எப்படி என்று தொலைபேசியில் கேட்டார். படிவத்தின் எண்ணைச் சொன்னேன். எனிட்டின் பெயரை நீக்க வேறு ஒரு படிவம் இருக்கிறது, அதையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்மா," என்றார். "அது இருக்கட்டும்."