திறப்பு விழாவுக்குச் சுழன்ற ஈரல்

இந்தோனேசியாவில், யோக்யகர்த்தாவின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, கரைசல்களைச் சுழற்றிப் பிரிக்கும் அதிவேகச் சுழலி வந்து இறங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் திறப்பு விழா நடக்கவில்லை என்பதால் அது இன்னும் வராததாகவே கருதப்பட்டது. ஒருவழியாகத் துணைவேந்தர் நாள் கொடுத்தார்.

"காலியா சுத்தினா போட்டோவுல என்ன இருக்கும்? உன் எலி ஈரலை உள்ள வை, மகளே," என்றார் பேராசிரியர் சுப்ராப்தோ.

அவருடைய ஆய்வு மாணவி வினார்தி, 'ஐயா' என்பதற்கு அங்கே வழங்கும் 'பாக்' போட்டுக் கெஞ்சினாள். "பாக், இதுதான் கடைசி. இனி எலி கிடையாதுன்னு நெறிமுறைக் குழு கைய விரிச்சிருச்சு. இதுல செல்சவ்வு சுத்தமாப் பிரிஞ்சு வரலைன்னா என் பட்டம் போச்சு."

"அதான் சொல்றேன். துணைவேந்தர் கைராசிக்காரர்."

விழாவன்று விடிகாலையிலேயே அவள், கெட்டுப்போகாமலிருக்கப் பனிக்கட்டிமேல் வைத்து ஈரலை நறுக்கினாள். கண்ணாடி உலக்கையால் மெல்ல அரைத்தாள். குழாயில் சர்க்கரைக் கரைசல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, கனமானது அடியில் இருக்கும்படி, மூச்சடக்கி அடுக்கி, அரைத்த ஈரலை அதில் சேர்த்தாள். சுழன்று முடித்தால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சவ்வு வெள்ளைக் கோடாய் நிற்கும். ஆனால் இயந்திரம் தானாக ஓய வேண்டும். பிரேக் போட்டால் எல்லாம் கலங்கிவிடும். 'பிரேக்கைத் தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அலங்காரக் குழு அதன்மேலேயே மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டிருந்தது.

துணைவேந்தர் பொத்தானை அழுத்திச் சுழலியை ஓடவிட்டு, உலகத்தரத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் முடிப்பதற்குள் சுழலியும் சுழன்று முடித்து, ஓயத் தொடங்கியிருந்தது. ஆனால் அவசரமில்லாமல். மேசையில், அங்கே விழாக்களில் வைக்கும் மஞ்சள் சோற்றுக் கோபுரம் மணந்தது. விருந்தினர்கள் சுழலியைப் பார்க்கவில்லை, சோற்றையே பார்த்தார்கள்.

"இன்னும் நேரமாகுமோ?" என்றார் துணைவேந்தர்.

"சேச்சே, இதோ பாக்!" சுப்ராப்தோவின் விரல் பிரேக்கை நோக்கிப் போனது. சோதனைக்கூடத்தில் அவர் கை நனைந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

"பாக், வேண்டாம்!"

"பாருங்க, பொண்ணு எப்படிப் பதறுது!" எல்லோரும் சிரித்தார்கள்.

இயந்திரம் முனகி நின்றது. மூடியைத் திறந்து வினார்தி குழாயை எடுத்தாள். கோடு இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே கலங்கல், தேங்காய்ப்பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி.

துணைவேந்தர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுதான் சவ்வா?"

சுப்ராப்தோவின் முகம் ஒரு கணம் இருண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு கேமராக்காரனைப் பார்த்தார்.

"ஆமா பாக். குழாய் முழுக்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. துணைவேந்தர் சோற்றுக் கோபுரத்தின் நுனியை வெட்டி, வழக்கப்படி, அன்றைய நாளின் பெருமைக்குரியவளிடம் தட்டோடு நீட்டினார்.

"சாப்பிடு மகளே. அடுத்து என்ன பண்ணப் போற?"

வினார்தி தட்டை வாங்கிக்கொண்டாள். மறு கையில், அவர் திருப்பித் தந்திருந்த குழாய் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. அதைப் பனிக்கட்டியில் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.