கீழ் அடுக்கு

"நமக்குள்ள சண்டையே வராது," என்று கல்யாணத்துக்கு முன்பு ஆய்வகத்தில் வைத்து அவன் சொல்லியிருந்தான். "ஒரே குழாய்ல எனக்குப் புரதம், உனக்குக் கொழுப்பு."

"ஏன், எனக்கு இருக்கிறது போதாதா?"

"அது தெரிஞ்சுதானே கட்டிக்கிறேன்."

அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். இன்று அதே ஆய்வகத்தில், அவனுடைய மேசையருகே காலிக் குழாய்களைப் பார்த்தபடி அவள் நிற்கும்போது, அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அறுவை சிகிச்சையில் எடுத்த கல்லீரல் துணுக்கை அரைத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் தண்ணீரும் சேர்த்துச் சுழற்றினால் குழாய்க்குள் இரண்டு அடுக்காகப் பிரியும். நடுவில் மெல்லிய வெள்ளைத் தகடாகப் புரதம். கீழ் அடுக்கில் கொழுப்பு. முதலில் அவள் கீழ் அடுக்கை ஊசியால் உறிஞ்சிக்கொள்வாள். பிறகுதான் தகடு அவனுக்கு. அவர்களுக்குள் அப்படித்தான் ஏற்பாடு.

காலையில் மகளுக்குக் காய்ச்சல். மருத்துவரிடம் காட்டிவிட்டு அவள் வருவதற்குள், அவன் தன் பழக்கப்படி மேல் அடுக்கை நீக்கி, மெத்தனால் ஊற்றி மறுபடி சுழற்றி, புரதத்தை அடியில் படியவைத்து, கொழுப்பு கரைந்திருந்த மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டான். புரதக்காரனுக்கு அது குப்பை. எல்லா நோயாளிகளின் கொழுப்பும் கழிவுப் புட்டியில் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

"ஏதோ கைப்பழக்கத்துல ஊத்திட்டேன். விடேம்மா."

"எதை விடறது? அந்தத் துணுக்கு திரும்பக் கிடைக்குமா? அவங்க வயித்தை மறுபடி கிழிக்கச் சொல்லவா?"

"மெதுவாப் பேசு. மேடம் வர்ற நேரம், காதுல விழும்."

"விழட்டும்."

இயக்குநர் மேடம் இன்று வருவதே அவளுடைய கொழுப்பு ஆய்வைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்யத்தான். அவள் தன் பெயரில் தொடங்கிய முதல் ஆய்வு அது.

"பிரிக்கும்போது உனக்குச் சரியா வரலைன்னு சொல்லிடு," என்றான். "என் பதவி உயர்வு பேச்சு ஓடிட்டிருக்கு. உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முன்பொருமுறை ஆய்வக உறைபெட்டியைத் திறந்துபோட்டுப் போனது அவன். திட்டு வாங்கியது அவள். வீட்டில் தன் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை அவன் மிதித்தபோதும், "என் கைதான் பட்டுடுச்சு அத்தை" என்று முன்னால் போய் நின்றவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கியிருக்கிறாள்.

மேடம் உள்ளே வந்து மேசையைப் பார்த்தார். "என்னம்மா, குழாயெல்லாம் காலியா இருக்கு?"

அவன் முந்திக்கொண்டான். "பிரிக்கிறப்போ தப்பாயிடுச்சு மேடம். பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அவங்க கவனம் இங்க இல்ல."

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையையும் இழுத்துவிட்டான். அவளுக்கு உள்ளங்கால்வரை எரிந்தது. மேடம் பக்கம் அவள் திரும்பவே இல்லை; அவனையே பார்த்தாள்.

"இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இப்பக் கேக்கறேன். 'தப்பு என்னோடது'ன்னு உன் வாயால சொல்லு. இவங்க முன்னாடி, இப்பவே."