பொய்முகத்தில் ரத்தம் வராது

போன வருஷம் தையற்காரர் மகளும் அவளுடைய காதலனும் சேர்ந்துதான் ஒரு மந்திரக்காரியைக் கோட்டையிலிருந்து துரத்தினார்கள். யாருடைய முகத்தையும் எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடியவள் அவள், இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான், எல்லைப் போருக்குப் போனவன் திரும்பி வந்து தையற்கடைக்குள் நுழைந்தபோது, தையற்காரர் மகளுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் முந்திக்கொண்டது.

உள்ளே வரும்போது அவன் வாள் உறை அவள் முழங்கையில் லேசாகக் கீறியது. அவன் இடது கைக்காரன். இப்போது தண்ணீர்ச் செம்பை வலது கையால் வாங்கினான். இடது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. பேச்சிலும் பழைய கிண்டல் இல்லை.

"பொத்தான் தொங்குது. சட்டையை இழுத்துப் பிடி, தைச்சு விடறேன்" என்றாள்.

பொய்முகம் போட்டவர்கள் உடம்பில் ரத்தம் வராது. நூலை இழுக்கிற சாக்கில் அவன் விரலில் ஊசியை இறக்கினாள். சிவப்பாக ஒரு சொட்டு எழும்பியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவன் கையை இழுக்கவில்லை. "திருப்தியா?" என்றான்.

"தெரியாம பட்டுடுச்சு."

"நான் வரும்போது வாள் உறை உன் முழங்கையில கீறுச்சே, அதுவும் தெரியாம பட்டதுன்னா நினைச்சே? உனக்கு ரத்தம் வருதான்னு நானும் பார்க்கணும் இல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் தானும் அதையேதான் செய்திருக்கிறாள், எப்படிக் கோபப்படுவது?

"அந்தக் கையில என்ன?"

தயங்கித் தயங்கிப் போர்வையை விலக்கினான். இரண்டு விரல்கள் இல்லை. "இதைப் பார்த்தா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்தது."

"என்னை அவ்வளவுதான் நம்பினியா?" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வந்து தொண்டையைச் செருமியபோதும் விடவில்லை.