துவக்கின் உதை

என் மனுசன் ஜீவரத்தினத்துக்கு இருந்தது ஒரேயொரு சந்தோசம்: இலையுதிர்காலத்தில் ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்குப் போவது. நோர்வேயில் இருந்த காலத்தில் பழகியது. லண்டன் வந்து, குட்மேய்ஸில் வீடு வாங்கி, டைல்ஸ் பதித்துப் பதித்து முழங்கால் தேய்ந்த பிறகும் அதை மட்டும் விடவில்லை. லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவருடைய துவக்கு பெரியது. கழுதை மாதிரி உதைக்கும். அந்த உதையை வாங்கத்தான் எத்தனை பாடம்! தோளில் முட்டும் பின்கட்டையில் தடித்த றப்பர் போட வேண்டும், தோளோடு இறுக்கி அணைக்க வேண்டும், மூச்சைப் பாதி விட்டு விசையை மெல்ல அழுத்த வேண்டும். "பயந்து தள்ளிப் பிடிச்சால்தான் கூட அடிக்கும், சுசிலா" என்பார். எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கை. வலக்கண் சின்ன வயதிலேயே மங்கல் என்பதால் துவக்கு மட்டும் இடது தோளில்.

மாசியில் அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே. பிறகு செக்கப்புக்குப் போனபோது, இந்த வருடம் வேட்டைக்குப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். நேர்ஸின் முகம் மாறிவிட்டது. அந்த உதை உள்ளே வயரை அறுக்கக்கூடும், இனி அந்தத் தோளில் துவக்கு வைக்கவே கூடாது என்றாள். முன்பே சொல்லியிருந்தால் வலது பக்கம் வைத்திருப்பார்களாம். இப்போது மாற்றுவது ஆபத்தாம்.

"வைக்க முதலே உங்களிட்டைக் கேட்டவையெல்லே?" பஸ்ஸில் நான் கத்தினேன்.

"கேட்டவை. துவக்குச் சுடுறனீங்களோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒருநாளும் தொட்டதில்லை எண்டு."

"கோதாரி! ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"தெரியேல்லை. துவக்கெண்டு கேட்டவுடனே வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

எனக்குத் தெரியும். ஒஸ்லோவில் அகதி விசாரணையில் இதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அப்போது அது உண்மையான பதில். அதை நம்பவைக்க அழுதாராம்.

துவக்கை விற்றார். வாங்கியவனுக்கு அணைத்துப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். கழற்றிய பழைய றப்பரை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

நேற்றுப் பின்னேரம் சமையலறைக்குள் போனேன். அந்த றப்பரை இடது தோளில் அழுத்தி, வலக்கண்ணை மூடி, வெறுங்கையால் குறிபார்த்துக்கொண்டு நின்றார். கத்திவிட்டேன்.

"பயப்பிடாதை," என்றார். "உதைக்காது."

றப்பரை மேசையில் வைத்தார்.

"இனி ஒண்டும் உதைக்காது, சுசிலா."