மேற்குப் பார்த்த கண்ணாடி

"வலத்தோட்டுத் திரும்பாண்டாம், நேரே விடு," என்றான் ஜான்ரோஸ்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். வலப்பக்கச் சந்தில் இருந்தது தங்கை ஜிஷாவின் வீடு. நேரே போனால் அவனுடையது. பின்னால் அப்பா சிலுவைதாசனின் உடலருகே உட்கார்ந்திருந்த ஜிஷா, விலகிய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மகன் வீட்டிலிருந்துதான் அப்பா கல்லறைக்குப் போக வேண்டும். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றபோதே ஜான்ரோஸ் அதைத் தீர்மானித்துவிட்டான்.

தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் அவன் வீட்டைக் காட்டுவார்கள். மஸ்கட்டில் பல வருடம் கிடந்து, திரும்பி வந்து கட்டியது. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, கடலைப் பார்த்து மேற்கே. அஸ்திவாரம் போடும்போதே ஜிஷா சொன்னாள்.

"மேக்க இவ்வளவு கண்ணாடி வேண்டாம்ணே. மத்தியானத்துக்கு மேல உள்ள இருக்க முடியாது."

அவள் பொறியாளர். கட்டடங்கள் மின்சாரத்தை வீணாக்காமல் இருக்க மத்திய அரசு எழுதிய விதிகளை நம் மாநிலத்து வெயிலுக்கு ஏற்றபடி மாற்றும் குழுவில் இருந்தாள்.

"ஒஞ் சட்டத்த மெட்ராசில வச்சுக்க. ஏசி எதுக்கு இருக்கு?" என்று அவன் சிரித்தான்.

பிறகு ஜிஷாவும் வீடு கட்டினாள். சின்ன வீடு. துளை வைத்த செங்கல், மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, ஜன்னல்களுக்கு மேல் அகலமான சன்ஷேடு, அதற்கும் மேலே சோலார் தகடு, கரண்ட் போனாலும் வீடு ஓட பேட்டரி. பசுமை வீடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. படத்தில் அவளுக்குப் பக்கத்தில் அப்பா, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். ஜான்ரோஸ் வீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் சட்டையே போடவில்லை. தோளில் துண்டு மட்டும்தான்.

மின்வெட்டு மோசமான கோடையில், "மக்கா, ரெண்டு நாளு அவ வீட்டுல கெடந்துட்டு வாறேன்," என்று கிளம்பியவர், திரும்பி வரவேயில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்: "சன்னலு எம்புட்டு வைக்கணும்னு கவருமெண்டே எம் மவகிட்டதான் கேக்கு." மஸ்கட்டைப் பற்றி அவர் யாரிடமும் அப்படிப் பேசி ஜான்ரோஸ் கேட்டதில்லை.

இன்று அந்த அப்பாவை அவன் வீட்டுக் கூடத்தில், குளிர்பெட்டிக்குள் கிடத்தினார்கள். பேரன் ஷிபு துபாயிலிருந்து வரவேண்டும், அடக்கம் மறுநாள். வழக்கம்போலக் கரண்ட் போனது. வாடகை ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது. எத்தனை இழுத்தும் கிளம்பவில்லை. முகூர்த்த நாள் என்பதால் வேறு எங்கு கேட்டும் கிடைக்கவில்லை.

உச்சி சாய்ந்ததும் கண்ணாடி வழியாக வெயில் இறங்கியது. பெட்டியின் தலைமாட்டில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகள் வளைந்தன. ஜெபமாலை சொன்ன பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தென்னை நிழலுக்குப் போனார்கள். பெட்டியின் மூடியில் நீர் பூத்து அப்பாவின் முகம் மங்கியது. ஜான்ரோஸின் மனைவி செசிலி துடைக்கத் துடைக்க மறுபடி பூத்தது.

அப்பாவோடு மீன் யாவாரம் பார்த்த இஸ்ரவேல் அவனை ஓரமாக அழைத்தார்.

"மக்கா, இனியும் வச்சிருக்காண்டாம். அங்க கொண்டு போயிருவோம்."

"எங்க?"

இஸ்ரவேலின் பார்வை ஜிஷாவின் வீட்டுச் சந்துப் பக்கம் போய் வந்தது.

ஜிஷா பக்கத்தில் வந்தாள். அன்றே சொன்னேனே என்று இப்போது சொல்வாள் என எதிர்பார்த்தான். சொல்லட்டும். வாய் நிறையத் திட்டிவிடலாம்.

"அண்ணே, எங்க வீட்டு பேட்டரிய கழத்தி இங்க கொண்டு வரச் சொல்லட்டா? அப்பா இங்கயே இருக்கட்டும்."

அவன் அவளையே பார்த்தான். விட்டுக்கொடுப்பதற்கும் அவளிடம்தான் ஏதாவது இருந்தது.

"ஒண்ணும் கொண்டு வராண்டாம்," என்றான். பிறகு, வாசலில் நின்றவர்களிடம் தேவைக்கு மேல் சத்தமாக, "பிடிங்கடே. தலைப்பக்கம் நான் பிடிக்கேன்."

ஜிஷாவின் கூடத்துக்குள் நுழைந்ததுமே பின்னால் வந்த ஒருத்தி, "அம்மாடி, என்ன குளிர்ச்சி!" என்றாள். ஜான்ரோஸைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி மெல்ல இரைய ஆரம்பித்தது. செசிலி கடைசியாக ஒருமுறை மூடியைத் துடைத்தாள். அப்பாவின் முகம் தெளிந்தது. இங்கே வந்துசேரத்தான் காத்திருந்தவர்போலக் கிடந்தார்.

ஜான்ரோஸ் முற்றத்து வெயிலில் போய் நின்றான். செசிலி இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். மூன்றாவது முறை உள்ளே போய், அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தான். வியர்வையில் நனைந்த சட்டை வழியாகச் சுவரின் குளுமை முதுகில் பட்டது. சட்டென்று விலகி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பெண்கள் ஜெபமாலையை மறுபடி தொடங்கினார்கள். எதிரே ஜிஷா கண்களை மூடி, உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் திறக்கவில்லை என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு மெல்ல, முதுகைச் சுவரில் சாய்த்தான்.