கீழே நிற்கிற ஆள்

அம்பூரி மலைச்சரிவில் சிவானந்தத்துக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. வீடு குன்னத்துகாலில். லாரி மோதி இடது கால் முட்டிக்குக் கீழே போன பிறகு, அந்தச் சரிவில் அவரால் ஏற முடியவில்லை. பால் வெட்டுகிறவர்கள் போய்வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்.

பூவாறு பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவை மூடியபோது, அங்கே சுற்றுலாக்காரர்கள் ஓட்டித் திரிந்த ஏடிவி வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தது அவர் மனைவி உமையம்மாள்தான். நான்கு தடித்த சக்கரம், கியர் கிடையாது, பிரேக் கையில், கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும். காலுக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் சாலையில் ஓட்டக்கூடாத வண்டி. பிக்கப்பில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். விபத்துக்குப் பிறகு பிக்கப்பை ஓட்டுவதும் அவள்தான்.

முதல் தடவையே தவறிப்போயிற்று. இரண்டு ஆஞ்சிலிப் பலகைகளைப் பிக்கப்பின் பின்கதவில் சாய்த்து, உமையம்மாள் கீழே நின்று பிடித்துக்கொண்டாள். சிவானந்தம் வண்டியை ஏற்றினார். முன்சக்கரம் மேலே தொட்ட நொடியில் ஒரு பலகை பின்னுக்குப் பாய்ந்தது. வண்டி சாய்ந்து மாட்டிக்கொண்டு நின்றது, அவர் விழவில்லை. பலகையோ உமையம்மாளின் பாதத்தை ஒட்டி மண்ணில் குத்தியது.

அன்று சாயங்காலமே அவர் சொல்லிவிட்டார்: "வண்டிய வித்திரு."

அதற்குப் பிறகு எத்தனையோ விதமாகக் கேட்டுப்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் அப்படியே நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவரைப் பிக்கப்பில் ஏற்றி, நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏணி, தள்ளுவண்டி, சரக்கேற்றும் சாமான்கள் விற்கிற கடை. வாசலில் பிக்கப்பை நிறுத்தினாள்.

"வண்டி ஏத்துற ராம்ப் பாக்க மட்டும் வந்திருக்கோம். வாங்காண்டாம், கேட்டியளா?" என்றாள் அவரிடம்.

கடைக்காரர் பொன்னப்பன் மூன்று ஜோடிகளை எடுத்துப் போட்டார். ஒன்று இரும்பு. ஒன்று நேரான அலுமினியம். மூன்றாவதும் அலுமினியம்தான், வில் மாதிரி லேசாக வளைந்து, நடுவில் மடங்குவது.

சிவானந்தம் ஊன்றுகோலால் இரும்பைத் தட்டினார். "இதாக்கும் உறுதி."

உமையம்மாள் குனிந்து ஒன்றைத் தூக்கினாள். முட்டி உயரத்துக்குமேல் அது வரவில்லை.

"இத நான் தூக்கணும்னா, மொதல்ல என்னத் தூக்க ஒரு ஆளு வேணும்," என்றாள். பொன்னப்பன் சிரித்துவிட்டார்.

"சேச்சி, வளஞ்சதப் பாருங்க. நேரா உள்ளதுல ஏறினா, மேல முனையில வண்டிக்க அடிவயிறு இடிக்கும். இதுல இடிக்காது."

அவள் அதில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்துவிட்டு வந்தாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. சிவானந்தம் மட்டும் முகம் கொடுக்காமல் நின்றார். பிறகு கேட்டார்:

"கீழ நிக்கிற ஆளு எங்க நிக்கணும்?"

பொன்னப்பனுக்குப் புரியவில்லை. "எந்த ஆளு?"

"இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு."

"ஆரும் பிடிக்காண்டாம். நிக்கவே கூடாது," என்று சொல்லி, பொன்னப்பன் ராம்பை வெளியே கொண்டுபோய் அவர்களுடைய பிக்கப்பிலேயே சாய்த்தார். மேல்முனையிலிருந்த பட்டையின் கொக்கியைப் பிக்கப்பின் சட்டத்தில் மாட்டி இறுக்கினார். "இனி இது பின்னால போவாது. இழுத்துப் பாருங்க."

சிவானந்தம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். நெற்றியில் வேர்வை. மூன்றாவது தடவை இழுக்கப்போனபோது உமையம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"இதுக்காக்குமா விக்கணும்னு சொன்னது?"

அவர் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பலகை உனக்க கால்பக்கத்துல வந்து குத்திச்சு, உமையே. கண்ண மூடினா அதுதான் வருது."

"நான் நெனச்சேன், வண்டியில இருந்து விழுந்துருவோம்னு உங்களுக்குப் பேடியாக்கும்னு."

"எனக்கு என்ன பேடி? இனி போறதுக்கு என்ன இருக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். குரல் உடைந்தது. பொன்னப்பன் ஏதோ எடுக்கப்போகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சிவானந்தத்தைப் பிடிக்க முடியவில்லை. எவ்வளவு எடை தாங்கும், மழையில் சக்கரம் வழுக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார். வளைந்ததிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கினார். நீளம் கூடினால் ஏற்றம் குறையுமே.

மறுநாள் முற்றத்தில் இரண்டு ராம்பையும் அவள் தூக்கிவைத்தாள், பட்டைகளை அவர் இறுக்கினார். அவர் வண்டிப் பக்கம் நகர்ந்ததும் அவள் குறுக்கே வந்தாள்.

"நான் ஏத்துறேன். குலுங்கினா ஊணிக்க உங்களுக்கு ரெண்டு பக்கமும் கால் வேண்டாமா? தள்ளி நின்னு சொல்லித்தாங்க."

அவர் ஒதுங்கி நின்றார்.

"முன்னால குனிஞ்சுக்கோ. பைய... பைய. நிறுத்தாத, விடாத!"

வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முனையில் எதுவும் இடிக்கவில்லை. மேலே போய் நின்றதும் உமையம்மாள் பிரேக்கை விடாமல் பிடித்தபடி, மூச்சுவாங்கிக்கொண்டே சிரித்தாள். ஊன்றுகோல் கையிலிருந்து நழுவி விழுந்ததை அவர் பிறகுதான் பார்த்தார்.

அம்பூரியில் அவளே வண்டியை இறக்கிக்கொடுத்தாள். அவர் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே ஏறிப் போனார். காய்ந்த இலைகள் சக்கரத்தில் நொறுங்கின. மேட்டு முனையில் ஒரு மரத்தை ஒட்டி நிறுத்தி, உட்கார்ந்தபடியே அதன் பட்டையைத் தடவினார். மரத்தில் மாட்டியிருந்த சிரட்டையில் பால் பாதிவரை நிறைந்திருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது உமையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதிச் சரிவில் ஏறிவந்துகொண்டிருந்தாள். அவர் வண்டியைத் திருப்பி அவளிடம் இறங்கினார்.

"ஏறு."

"ரெண்டுபேரத் தாங்குமா?"

"தாங்கும். ஏறு, மக்கா."

அவள் அவர் தோளில் கைவைத்து ஏறினாள். மேடுவரைக்கும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று.