மே மாதத்து மணல்

ஜனாபாவின் வாப்பா மேலப்பாளையத்தில் கைலி வியாபாரி. பேரம் கேட்டே வளர்ந்த பிள்ளை அவள். ஆனாலும் படம் வரைய வண்ணக்குழாய் வாங்கும்போது மட்டும் ஒரு பைசா குறைத்துக் கேட்டதில்லை. எந்த மாதம் தாமிரபரணிக்கு என்ன நிறம் என்று கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். சாரல் காலத்துக்குச் சாம்பல் ஏறிய நீலம், ஐப்பசி வெள்ளத்துக்குச் செங்காவி, தை மாதத்துப் பிசான நெல்வயலுக்கு எலுமிச்சை மஞ்சள் தொட்ட பச்சை. மே மாதத்துக்கு மட்டும் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. சீவலப்பேரி ஆற்றுமணல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்தை எந்தக் கம்பெனியும் குழாயில் அடைத்து விற்கவில்லை. காகிதத்தைத் தொடாமல் விட்டால் அது தானாக வந்தது. நடுவே ஒரு நீலக் கோடு, ஓரத்தில் மருத மரத்து நிழல், அவ்வளவுதான் போட்டாள்.

பன்னிரண்டு படங்களும் தாணுமாலையன் அண்ணாச்சியின் அரிசி மண்டிக் காலண்டருக்கு. தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் பிறந்தால் அம்பாசமுத்திரம் வரைக்கும் கடைக்குக் கடை அவள் பெயர் சுவரில் தொங்கும். இதுவரை அவள் படம் அவள் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை.

அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து மே மாதத்தில் நின்றார். பின்பக்கம் மிச்சம் இருக்குமோ என்பதுபோல் திருப்பியும் பார்த்தார்.

"ஏ பிள்ள, முக்காவாசி காலியா கெடக்கு. வெறும் பேப்பருக்கா துட்டு குடுக்கேன்? பச்சைய அடிச்சு நெரப்பிக் கொண்டா."

வறண்ட ஆற்றை அரிசிக்கடையில் மாட்டினால் எவன் மூடை எடுப்பான் என்றார். சிவகாசியிலிருந்து வந்த மாதிரிப் படம் ஒன்றை எடுத்து முன்னால் போட்டார். பனி மூடிய சீமை மலை. அவளால் முடியாதென்றால் மே மாதத்துக்கு இதைப் போட்டுக்கொள்வாராம்.

ஜனாபா அந்த மலையை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுலயும் முக்காவாசி வெள்ளைதான அண்ணாச்சி. சீமைப் பனின்னா சரக்கு, நம்ம மணலுன்னா காலியா?"

கணக்குப்பிள்ளை பிச்சைக்கண்ணு சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது. மற்ற பதினொன்றையும் வைத்துவிட்டு, அந்த மணலை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அவர் தலைக்கு மேல் 'மூடை பிரித்துக் கொடுப்பதில்லை' என்று ஒரு பலகை தொங்கியது. ஜனாபா அதைக் கைகாட்டினாள்.

"எனக்கும் அதேதான். வருசத்தப் பிரிச்சுக் குடுக்க மாட்டேன்."

பன்னிரண்டையும் அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

விலை படியாமல் இறங்கிப் போகிறவர்கள் தெருமுனைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் கடைக்காரன் ஜெயித்தான். அந்தத் திரும்பலுக்காக அண்ணாச்சி கல்லாவில் அசையாமல் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை கடைச் சுவரும் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டது. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். திரும்பினால் மே மாதத்து ஆற்றில் பச்சைத் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும்.

காப்பிக்கடையைத் தாண்டும்போது பின்னால் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"நில்லு தாயி. வெள்ளையாவே இருந்து தொலையட்டும்."

முதல் கூப்பாட்டுக்கே நிற்கிற பழக்கம் வாப்பா குடும்பத்தில் கிடையாது. ஜனாபா நடந்துகொண்டே இருந்தாள். இன்னொரு தடவை சொல்லட்டும், தெருவுக்கே கேட்கிற மாதிரி.